கோதாவைச் சுற்றி நின்றவர்கள்



திண்டுக்கல் காய்கறிச் சந்தையில், விடிவதற்கு முன்பே வந்து இறங்கும் வெங்காய மூட்டைகளைத் தோளில் ஏற்றும் இளைஞன் ஒருவன், தன் சக்திக்கு மீறிய சுமையைத் தூக்கப் போய்த் தள்ளாடும்போது, பக்கத்தில் நிற்பவர், “நீ என்ன பெரிய தாராசிங்கா?” என்று கேட்பதை நான் அநேக முறை செவியுற்றிருக்கிறேன். கேட்டவரும் தாராசிங்கைக் கண்டவரல்லர். கேட்கப்பட்டவனோ, அவர் யார் என்பதையே அறியாதவன். ஆயினும் கேள்வியின் அர்த்தம் இருவருக்கும் விளங்குகிறது. மற்போர்க் களமாகிய கோதாவின் பேச்சு வேறு இடங்களிலும் கேட்கிறது. தேர்தல் வந்தால் வேட்பாளர் ‘கோதாவில் இறங்குகிறார்’. வழக்கில் சிக்கியவருக்கு எதிர்க்கட்சி வக்கீல் ‘கிடுக்கிப்பிடி’ போடுகிறார். தோற்றவர் ‘மண்ணைக் கவ்வுகிறார்’. தோல்வியை ஒப்புக்கொள்ளாதவரோ, ‘குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை’ என்கிறார். மல்லர்கள் போய்விட்டார்கள், அவர்களைச் சுற்றி நின்று பார்த்த ஜனங்களின் வாயிலிருந்து புறப்பட்ட வார்த்தைகள் மாத்திரம் நம்மிடையே தங்கிவிட்டன.

பஞ்சாபில், அமிர்தசரஸ் ஜில்லாவைச் சேர்ந்த தர்மூசக் என்னும் கிராமத்தில் 1928-ஆம் ஆண்டு பிறந்த தாராசிங், வாலிபப் பருவத்தில் பிழைப்பை நாடிச் சிங்கப்பூர் சென்று, அங்கே தொழில்முறை மல்யுத்தத்தைக் கற்றுத் தேறி, தாய்நாடு திரும்பியபின் 1954-இல் ‘ருஸ்தம்-ஏ-ஹிந்த்’ என்ற விருதையும், 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கார்டியன்கோவை வென்று காமன்வெல்த் பட்டத்தையும், 1968-ஆம் வருஷம் மே மாதம் பம்பாயில் அமெரிக்க மல்லர் லூ தெஸை வீழ்த்தி உலகப் பட்டத்தையும் பெற்றவர். அவருக்கு எதிராக நின்றவர்களில் நம் பாமர ஜனங்களின் நாவில் நிலைத்தவர் கிங்காங். எமில் சாயா என்பது அவருடைய இயற்பெயர். ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறிய அந்த மனிதரின் எடை 200 கிலோவை ஒட்டியது என்றும், 130 கிலோ எடையுள்ள தாராசிங் அவரைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றி எறிந்தார் என்றும் பிரசித்தமான விருத்தாந்தம் ஒன்று உண்டு. 

எங்கள் தெருவில் வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவர், சென்னையில் வேலை பார்த்த காலத்தில் இத்தகைய போட்டி ஒன்றைக் கண்டவர். யார் எந்தப் பிடி போட்டார், எந்தச் சுற்றில் ஜயித்தார் என்பதெல்லாம் அவருக்கு முதுமையில் மறந்துபோய்விட்டன. அவருடைய நினைவில் நின்றது ஒரு சப்தம். பெரிய சரீரம் ஒன்று பலகையின்மேல் விழுந்த அந்த க்ஷணத்தில், சுற்றியிருந்த அத்தனை பேரும் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டதால் உண்டான நிசப்தத்தையும், அதன் பின் மடை உடைந்தாற்போல் எழுந்த கோஷத்தையும், அவர் தம் இரு கைகளையும் விரித்து விரித்துச் சொல்லுவார். வானொலியில் பேசுகிற எனக்கு அவர் மிகவும் வேண்டியவராகத் தோன்றுகிறார். ஏனெனில், மல்யுத்தக் காட்சியின் ஜீவன் கண்ணுக்குத் தெரிவதில் பாதி, காதுக்குக் கேட்பதில் பாதி என்று எனக்கு உணர்த்தியவர் அவரே.

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்னதாகவே நிச்சயிக்கப்படுகிறது, ஆகவே அது வெறும் பாசாங்கு என்று படித்தவர்கள் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். முன்னேற்பாடு உண்டென்பது வாஸ்தவமே. ஆனால் எங்கள் திண்டுக்கல் சீமையில் திருவிழாக் காலங்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தவர்கள் அந்த அபிப்பிராயத்தை அவ்வளவு சுலபமாக ஏற்கமாட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணத்’தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்வதன் முடிவு என்ன என்பது பந்தலில் தூங்கி வழியும் குழந்தைக்கும் தெரியும், மயான காண்டத்தில் அரிச்சந்திரன் சந்திரமதியை வெட்ட வாளை ஓங்கும்போது அவள் சாகமாட்டாள் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஏமாந்தவர்களல்லர், நடிகனோடு சேர்ந்து அந்த இரவை உண்டாக்குகிறவர்கள். தாராசிங்குக்காகக் கூவியவர்களும் அப்படித்தான். விழுகிற உடல் மெய்யாகவே விழுகிறது, வலியும் மெய், இத்தனைக்கும் மேலாகக் கூட்டத்தின் ஆரவாரம் மெய். இதே தாராசிங் 1987-இல் தொலைக்காட்சி இராமாயணத்தில் அநுமனாக வந்தபோது, ஜனங்கள் அவரைப் புதிய மனிதராகவா பார்த்தார்கள்? மலையைத் தூக்குவதற்கு ஏற்ற தோள் என்று முன்பே முடிவுகட்டி வைத்திருந்த தோளல்லவா அது!

மற்போரைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தின் மனத்தைப் பண்டைக் காலத்திலேயே எழுதி வைத்தவர்களில் ஒருவர் தமிழ்ப் பெண் புலவர் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழ இளவரசன், தந்தை தித்தனோடு பகைமைப்பட்டு, ஆமூரில் மல்லன் ஒருவனோடு பொருதான். ஒரு முழங்காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மற்றொரு காலால் அவனது தந்திரத்தைத் தடுத்துக் கிள்ளி அவனை முடித்த விதத்தைப் புறநானூற்றின் 80-ஆம் பாட்டில் சாத்தந்தையார் வருணிக்கிறார். ஆனால் அந்தப் பெண் புலவரான நக்கண்ணையாரின் 85-ஆம் பாட்டு மல்லனையே பார்ப்பதில்லை, கூட்டத்தைக் கேட்கிறது. வெற்றி கிள்ளிக்கே என்று ஒரு சாரார் சொல்ல, இல்லை என்று மற்றொரு சாரார் சொல்ல, இருவகைப் பேச்சின் நடுவே சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, வீட்டருகே இருந்த பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் ஜயித்ததைக் கண்டதாக அந்தப் பெண் கூறுகிறாள். எங்கள் தெருப் பெரியவர் கைகளை விரித்துக் காட்டியதும் இதைத்தானே!

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு 1990-களில் தொழில்முறை மல்யுத்தம் தொலைக்காட்சி வழியாகவும், மல்லர்களின் உயரமும் எடையும் அச்சிட்ட சீட்டுக் கட்டுகள் வழியாகவும் வந்து சேர்ந்தது. 2007-இல் இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த தலிப் சிங் ராணா, ‘கிரேட் காளி’ என்ற பெயருடன் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி ஐதராபாத்தின் கச்சிபௌலி உள்ளரங்கில் அதே நிறுவனத்தின் மல்லர் ஜான் சீனா, சக மல்லர் சேத் ராலின்ஸுடன் ஜோடி சேர்ந்து பொருதார். திரையிலும் சீட்டிலும் மட்டும் பார்த்த முகத்தை நேரில் கண்ட ரஸிகர்களின் உற்சாகத்தைச் சொல்லவும் வேண்டுமா?

முடிவை யாராலும் முன்கூட்டி நிச்சயிக்க இயலாத மல்யுத்தம் ஒன்று எங்கள் திண்டுக்கல் சமவெளியிலேயே இருக்கிறது. தைப் பொங்கலை அடுத்த நாட்களிலும் வாரங்களிலும், தவசிமடை, கொசவபட்டி, உலகம்பட்டி, புகையிலைப்பட்டி ஆகிய ஊர்களில், கிறிஸ்தவ ஆலயத் திருவிழாக்களை ஒட்டி ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. பொழுது விடியுமுன்பே வண்டிகளில் காளைகள் வந்து வரிசை கட்டும். கால்நடை மருத்துவர்கள் அவற்றைச் சோதிப்பார்கள். களத்தில் தென்னை நார் பரப்பியிருக்கும். வண்ண பனியன் அணிந்த வீரர்கள் சுற்றுச் சுற்றாக இறங்குவார்கள். முதலில் வாடிவாசலைத் தாண்டும் கோயில் காளையை ஒருவரும் தொடுவதில்லை. அதற்கு எல்லோரும் வழிவிடும் அந்தச் சிறிது நேரம், பண்டைய மல்லர்கள் பொருவதற்கு முன் மண்ணைத் தொட்டு வணங்கியதைப் போன்ற ஒரு மரியாதை. அடுத்த காளை வெளிப்பட்டதும் மைக்கில் உரிமையாளரின் பெயரும் ஊரும் முழங்குகின்றன, “தொட்டுப் பார்!” என்ற சவாலும் உடன் வருகிறது. வாலைப் பிடிக்கலாகாது, கொம்பைப் பிடிக்கலாகாது. திமிலை மாத்திரமே தழுவி, மூன்று துள்ளலுக்குத் தாக்குப்பிடித்தவனே வென்றவன். ஒருவனும் நெருங்க முடியாமல் காளை நடுக்களத்தில் நின்று திரும்பிப் பார்க்குமானால், “மாடு வெற்றி!” என்ற அறிவிப்புக்கு எழுகிற சீழ்க்கை, பிடித்தவனுக்கு எழுவதைக் காட்டிலும் ஓங்கி ஒலிக்கிறது. தோற்ற மனிதனும் அதற்குக் கை தட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். காளை எந்த ஏற்பாட்டுக்கும் சம்மதிப்பதில்லை. காயமும் மரணமும் இந்தக் களத்தில் நேர்ந்திருக்கின்றன. ஆகவே அங்கே எழும் நிசப்தம் நாடகப் பந்தலின் நிசப்தத்தைவிடக் கனமானது. 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையால் மூடப்பட்ட வாடிவாசல், 2017-இல் தமிழகச் சட்டத்தால் திறந்தது. அச்சட்டம் செல்லும் என்று 2023 மே மாதத்தில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஜல்லிக்கட்டை இன்று நூறு காமிராக்கள் பதிவு செய்கின்றன. தாராசிங்கும் கிங்காங்கும் பொருத களங்களைச் சுற்றி நின்ற தமிழர்களுக்கோ அப்படிப்பட்ட சாட்சியம் கிடைப்பது அரிது. அந்த மனிதர்களில் எஞ்சியிருப்பவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். உங்கள் இல்லத்தில் அப்படி ஒருவர் இருப்பாராயின், இன்று மாலை அவர் அருகில் அமர்ந்து, எந்த ஊர், எந்த மைதானம், டிக்கெட் என்ன விலை, உடன் வந்தவர் யார், மல்லன் விழுந்தபோது கூட்டம் என்ன கூவியது என்று கேட்டு, அவர் சொல்லுகிற வார்த்தைகளிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.