வாய்மை விரதமும் வேலை விண்ணப்பத்தின் இரு கேள்விகளும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி வட்டாரங்களில் ஏர்த்தொழில் செய்து வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள், பின்னர் ஆசிரியப் பணிக்கும் அரசுப் பணிக்கும் சென்றன. இன்றைய பிள்ளைகளோ பொறியியல் முடித்து, அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விசா வேண்டி, சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில் வரிசையில் நிற்கின்றனர். புறப்படுமுன் மேல்சித்தாமூர் சென்று பார்சுவநாதரைத் தொழுகின்றனர். வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ கல்விக் கடனுக்காக வங்கியில் இருக்கிறது. ஈராண்டு கழித்துப் பட்டம் கைக்கு வரும் வேளையில், அப்பிள்ளையின் வாய்மையைச் சோதிக்கும் இடம் ஒன்று வருகிறது. அது வேலை விண்ணப்பத்தில் உள்ள இரண்டு கேள்விகள்.

'இந்நாட்டில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா?' என்பது முதற்கேள்வி. 'இப்போதோ பின்னரோ, விசாவிற்காக நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?' என்பது இரண்டாம் கேள்வி. ஸ்பான்சர்ஷிப் என்பது, ஊழியருக்காக நிறுவனமே அரசிடம் மனுச் செய்து பொறுப்பேற்பது.

எஃப்-1 விசாவில் படித்தவர்க்குப் பட்டத்திற்குப்பின் ஓ.பி.டி. என்னும் பயிற்சி அனுமதி 12 மாதங்களுக்குக் கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய 'ஸ்டெம்' துறைப் பட்டதாரிகள் மேலும் 24 மாதங்கள் நீட்டிப்புப் பெறலாம். அதன்பின் தொடர்ந்து பணியாற்றப் பெரும்பாலோர் நாடுவது எச்-1பி விசா. அதற்கு நிறுவனமே மனுச் செய்தல் வேண்டும். ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றோர்க்கு மேலும் 20,000 இடங்களுமே உள்ளன. விண்ணப்பிப்போர் மிகுதியாதலால் குலுக்கல் முறையில் தெரிவு நடைபெறுகிறது.

ஆகவே, ஓ.பி.டி. அட்டை கையில் உள்ள மாணவர் முதற்கேள்விக்கு 'ஆம்' என்றும், பின்னர் எச்-1பி வேண்டுவோர் இரண்டாம் கேள்விக்கும் 'ஆம்' என்றும் விடையளிப்பதே உண்மை. ஆனால் இரண்டாம் கேள்விக்கு 'ஆம்' என்றவுடன் பல நிறுவனங்கள் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகின்றன. ஸ்பான்சர் செய்ய மறுப்பது சட்டப்படி குற்றமுமன்று. ஓ.பி.டி. காலத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருத்தல் கூடாது என்ற விதி வேறு நெருக்குகிறது. உண்மைக்கு விலை உண்டு. அதை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் உதவியாகாது.

இங்கேதான் உமாசுவாமி முனிவர் அருளிய தத்துவார்த்த சூத்திரம் துணைக்கு வருகிறது. அதன் ஏழாம் அத்தியாயம், இல்லறத்தாரின் அணுவிரதங்களுக்கு நேரும் அதிசாரங்களை, அதாவது விரதத்தைப் பழுதாக்கும் குற்றங்களை, விரதத்திற்கு ஐந்தாக வகுத்துரைக்கிறது. அவற்றுள் மூன்று இப்பொருளுக்கு நேரே பொருந்துவன.

முதலாவது மித்யோபதேசம், தவறான வழி கூறுதல். 'முதலில் இல்லை என்று போடு. வேலை கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம்' என்று அறை நண்பரும் மூத்த மாணவரும் கூறுவர். கேட்டு நடந்தவர் மட்டுமல்லர், சொன்னவரும் விரதத்திற்குப் பழுது செய்தவரே. அவ்வாறு பெற்ற வேலையில் பின்னாளில் எச்-1பி கேட்கும்போது பொய் வெளிப்படும். விண்ணப்பத்தில் பொய்யுரைத்தமை ஒன்றே பணிநீக்கத்திற்குப் போதிய காரணமாகிவிடும்.

இரண்டாவது கூடலேக கிரியை, பொய்ப் பத்திரம் எழுதுதல். 90 நாள் கணக்கை நிறுத்துவதற்காக, இல்லாத வேலைக்குப் பணிக்கடிதம் விற்போர் உளர். அதைவிடக் கொடியது, வேலையில் சேரும் நாளில் நிரப்பும் ஐ-9 படிவத்தில் 'அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் பொய்யாகக் குறியிடுதல். அந்த ஒரு குறி, அந்நாட்டிற்குள் நுழைவதற்கே வாழ்நாள் தடையாகலாம். பின்னாளில் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை மணந்தாலும் அத்தடை எளிதில் நீங்காது.

மூன்றாவது, களவாமை விரதத்தின்கண் கூறப்படும் விருத்த ராஜ்யாதிக்கிரமம், அரசின் சட்டத்தை மீறிப் பொருளீட்டுதல். 2011 ஜனவரியில் கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் சோதனையிடப்பட்டு மூடப்பட்டபோது, அங்குப் பதிவு செய்திருந்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். முறையாக வகுப்பு நடவாத அவ்விடம், மாணவர் என்ற தகுதியையும் வேலை அனுமதியையும் தந்துவந்தது. மாணவர் சிலர் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பெற்றதை அன்றைய நாளேடுகள் எழுதின. அதனை நடத்தியவர் 2014இல் சிறைத்தண்டனை பெற்றார். தாம் ஏமாற்றப்பட்டதாகக் கூறிய மாணவர்களும் படிப்பையும் பணத்தையும் இழந்தனர்.

வாய்மை என்பது கேட்காததையெல்லாம் கொட்டிவிடுவதும் அன்று. தற்குறிப்பில் விசா விவரம் எழுதவேண்டிய கட்டாயமில்லை. முதலில் திறமை பேசட்டும். கேட்டால் நேராக விடை கூறவேண்டும். கேளாவிடினும் பணி ஆணையை ஏற்குமுன் தாமே எடுத்துரைத்தல் நலம். கூறும் முறையும் முக்கியம். 'எனக்கு ஸ்பான்சர்ஷிப் வேண்டும்' என்ற ஒரு சொல்லோடு நில்லாமல், 'இன்ன நாள் முதல் 12 மாதங்கள் பணியாற்ற அனுமதி பெற்றுள்ளேன். அதன்பின் 24 மாத ஸ்டெம் நீட்டிப்புக்கும் தகுதி உண்டு. அதுவரை எச்-1பி தேவையில்லை' என்று கூறினால், மூன்றாண்டுக் காலம் உண்டென்பது எதிரிலிருப்பவர்க்கு விளங்கும். நீட்டிப்புக்கு அந்நிறுவனம் ஈ-வெரிஃபை என்னும் அரசுச் சரிபார்ப்பில் பதிவு செய்திருத்தலும், பயிற்சித் திட்டத்தில் கையொப்பமிடுதலும் வேண்டும். அதனையும் முன்னரே கூறிவிடுதல் நேர்மை.

தேடும் இடத்தையும் அறிந்து தேடுதல் வேண்டும். எந்த நிறுவனம் எத்தனை எச்-1பி மனுச் செய்தது என்ற விவரத்தை அமெரிக்க அரசே வெளியிடுகிறது. பல்கலைக்கழகங்கள் செய்யும் எச்-1பி மனுவிற்கு மேற்சொன்ன எண்ணிக்கை வரம்பும் குலுக்கலும் இல்லை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், ஐயம் எழுந்தால் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தையே கேட்கவேண்டும். வாட்ஸ்அப் செய்தியை நம்பலாகாது.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு சொல். 'வேலை கிடைத்ததா?' என்று திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் நாள்தோறும் செல்லும் தொலைபேசி அழைப்பே சில பிள்ளைகளைப் பொய்யின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அயல்நாட்டு ஊதியத்தை மட்டும் நம்பி அடைக்க வேண்டிய கடனைப் பிள்ளையின் தோளில் ஏற்றலாகாது. ஊருக்குத் திரும்பி இங்கே உழைத்தாலும் அடைக்கக்கூடிய அளவே கடனாக இருக்கட்டும். அபரிக்கிரகம் கற்பிக்கும் அளவறிதல் அதுவே. 'வேலை கிடைக்காவிடில் திரும்பி வா. பொய்யுரைத்துத் தங்காதே' என்று புறப்படும் நாளிலேயே சொல்லி அனுப்பும் பெற்றோரின் பிள்ளை, அந்த இரண்டாம் கேள்விக்கு அஞ்சாமல் 'ஆம்' என்று எழுதும்.

அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரா!