கற்பனைக்கு எட்டிய மழை



"கற்பனைக்கு எட்டாதது" என்று அடிக்கடி சொல்கிறோம். அந்தச் சொல் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் புதுச்சேரி சாலையில் போய்த் திரும்பினால் திருவக்கரை. அங்கே செம்மண் மேட்டில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மரத்தின் கணு அப்படியே தெரிகிறது, தொட்டால் கல். வேரும் இல்லை, கிளையும் இல்லை. எங்கிருந்தோ வெள்ளம் அடித்து வந்து மண்ணில் புதைத்த மரங்கள் அவை. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். அந்தக் காலத்தை எண்ணால் எழுதலாம், மனத்தால் அளக்க முடியாது. இங்கே அந்தச் சொல் பொருந்தும்.

இனி, அது பொருந்தாத இடம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்டது. தொட்டபின் நகராமல் பல மணி நேரம் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. ஒரு சென்ட் நிலத்துக்கு 20,000 லிட்டர்! ஓராண்டு மழையில் பாதி ஒரே நாளில் கொட்டியது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலையே ஆறானது. விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் சூழ, ரயில்கள் நின்றன.

"நெனச்சுக்கூடப் பாக்கலீங்க" என்றார்கள் வீட்டையும் பயிரையும் இழந்தவர்கள். அது வேதனையின் சொல். அதில் குற்றம் காண யாருக்கும் உரிமையில்லை. ஆனால், திட்டம் போடுகிறவர்கள் இனி அதே சொல்லைச் சொல்லக் கூடாது. ஒருமுறை பெய்த மழை மறுமுறையும் பெய்யும். பாலம் கட்டும்போதும், ஏரிக்கரையை உயர்த்தும்போதும், வீட்டுமனைக்கு அனுமதி தரும்போதும் அந்த 50 சென்டிமீட்டர் கணக்கில் இருக்க வேண்டும். வரத்துக் கால்வாயை அடைத்துவிட்டு வானத்தைப் பழிப்பது நியாயமில்லை.

நேயர்களே, அன்று உங்கள் தெருவில் தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் கோடாகப் போடுங்கள். பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள். அடுத்து அங்கே வீடு கட்ட வருபவர் அதைப் பார்த்து அஸ்திவாரம் போடட்டும்.