சாயும் தளமும் உருளும் பந்தும்

உருளும் பந்தைக் கையால் தொடாமல் நடத்திச் செல்ல வேண்டுமாயின், அது கிடக்கும் தளத்தைச் சாய்க்க வேண்டும். இவ்வெளிய உண்மையைக் கொண்டே ஒரு விளையாட்டு வகை தோன்றி வளர்ந்திருக்கிறது.

சுவீடன் நாட்டின் பிரியோ நிறுவனம் 1946ஆம் ஆண்டில் ஒரு மரப்பெட்டியை வெளியிட்டது. அதன் மேற்றட்டிலே வளைந்து செல்லும் பாதை. பாதை நெடுகிலும் துளைகள். பக்கத்திலுள்ள இரு குமிழ்களைத் திருப்பினால் தட்டுச் சாயும், எஃகுக் குண்டு உருளும். துளைகளில் விழாமல் அதனை முடிவிடம் சேர்ப்பதே ஆட்டம்.

2001ஆம் ஆண்டில் யப்பானின் செகா நிறுவனத்தார், தொஷிஹிரோ நகோஷியின் தலைமையில், இத்தத்துவத்தை 'சூப்பர் மங்கி போல்' என்னும் கணினி விளையாட்டாக அமைத்தனர். ஒளி ஊடுருவும் பந்தினுள்ளே ஒரு குரங்கு. ஆடுபவர் அதனை நகர்த்துவதில்லை. அது நிற்கும் தளத்தையே சாய்க்கிறார். வேலியற்ற ஒடுங்கிய பாதைகளைக் கடந்து, குறித்த நேரத்துள் வாயிலை அடைதல் வேண்டும். 2008இல் இதே விளையாட்டு ஐபோனுக்கு வந்தபோது, கைத்தொலைபேசியைச் சாய்த்தே ஆட முடிந்தது.

பந்து மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வேகம் திரட்டும். தளத்தை மட்டமாக்கினாலும் உடனே நின்றுவிடாது. ஆதலால், பந்து அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணிப்பவர்தாம் வெல்கிறார். பதறிச் சாய்ப்பவரின் பந்து பாதாளத்தில் வீழ்கிறது.

இத்தகைய நிதானம் சத்திரசிகிச்சை அறையிலும் வேண்டப்படுகிறது. வயிற்றிலே சிறு துளையிட்டு, உள்ளே செலுத்திய கமரா காட்டும் படத்தைத் திரையில் நோக்கி, நீண்ட கருவிகளால் சிகிச்சை செய்யும் வைத்தியரின் விரல்கள் உறுப்பை நேரே தொடுவதில்லை. 2007ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவ நிலைய ஆய்வொன்று வெளியாயிற்று. அதில் 33 வைத்தியர்கள் இவ்விளையாட்டின் இரண்டாம் பாகத்தையும் வேறு இரண்டையும் ஆடினர். சத்திரசிகிச்சைப் பயிற்சிகளையும் செய்தனர். முன்னர் வாரத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கணினி விளையாட்டுகளை ஆடிய வைத்தியர்கள், ஒருபோதும் ஆடாதவரிலும் 37 வீதம் குறைவான பிழைகளே செய்தனர். 27 வீதம் விரைவாகவும் முடித்தனர்.

ஆட்டம் கைத்திறனைத் தந்ததா, கைத்திறனுடையோர் ஆட்டத்தை நாடினரா என்பதை இக்கணக்கு மட்டும் தீர்த்துவிடாது. எனினும், விளையாட்டு முழுவதும் வீண்பொழுது என்று கடியும் பெற்றோர் சற்றுச் சிந்திக்க இதில் இடமுண்டு. பொழுதெல்லாம் திரைமுன் இருக்கும் பிள்ளைகளும் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று: வாரத்துக்கு 3 மணி என்னும் அந்த எல்லை, நாளொன்றுக்கு அரைமணியிலும் குறைவே.