முகாமுக்கு முன்பே எழுந்த கேள்வி

வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி நெடுங்காலம் தத்துவத்திடமும் சமயத்திடமுமே இருந்தது. அதை மருத்துவரின் அறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வியன்னா நகரின் விக்டர் ஃபிராங்கல். 1905இல் பிறந்த இவர் பள்ளி நாள்களிலேயே சிக்மண்ட் ஃபிராய்டுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். பின்னர் ஆல்ஃபிரெட் ஆட்லரின் குழுவில் சேர்ந்து, கருத்து மோதலால் 1927இல் அதிலிருந்து நீக்கப்பட்டார். மனிதரை இயக்குவது இன்ப நாட்டம் என்றார் ஃபிராய்டு. தாழ்வுணர்ச்சியை வென்று மேலேறும் முனைப்பு என்றார் ஆட்லர். வாழ்வுக்கு அர்த்தம் வேண்டும் என்ற நாட்டமே அடிப்படை என்றார் ஃபிராங்கல். தம் சிகிச்சை முறைக்கு அவர் வைத்த பெயர் லோகோதெரபி.

இந்தக் கோட்பாடு நாஜி வதைமுகாமில் பிறந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்து மனம் சோர்ந்த இளைஞர்களை ஃபிராங்கல் கவனித்தார். வேலை இல்லை என்றால் தான் எதற்கும் பயன்படாதவன், பயன்படாதவனின் வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லை என்று அவர்களின் மனம் கணக்குப் போட்டிருந்தது. நூலகங்களிலும் இளைஞர் சங்கங்களிலும் சம்பளம் இல்லாத பணிகளை ஏற்கும்படி அவர்களைத் தூண்டினார். வயிற்றுப் பசி அப்படியேதான் இருந்தது. மனச்சோர்வு மட்டும் விலகியது. 1933 முதல் 1937 வரை ஸ்டைன்ஹோஃப் மனநல மருத்துவமனையில், தற்கொலை எண்ணம் கொண்ட பெண்களின் பிரிவை அவர் கவனித்துவந்தார். கோட்பாட்டின் வேர் இந்த அனுபவங்களில் இருக்கிறது.

1942இல் மனைவி, பெற்றோருடன் தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தந்தை அங்கேயே இறந்தார். 1944இல் ஆஷ்விட்ஸ்; அங்கே அவர் எழுதி வைத்திருந்த நூலின் கைப்பிரதி பறிபோனது. ஆஷ்விட்ஸில் இருந்தது சில நாள்கள்தான். பிறகு டாஹாவ் முகாமின் கிளைகளுக்கு மாற்றப்பட்டார். 1945 ஏப்ரலில் விடுதலை கிடைத்தபோது தாயும் மனைவியும் சகோதரரும் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த முகாம் அனுபவ நூல்தான் அவரை உலகறியச் செய்தது. அர்த்தத்தைப் பற்றிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், மற்றவர்கள் மடிந்தார்கள் என்று அந்த நூலைச் சுருக்கிச் சொல்வதுண்டு. மடிந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி அது. பிழைத்தது பெரும்பாலும் தற்செயல். தங்களில் சிறந்தவர்கள் திரும்பவில்லை என்று எழுதியவரும் ஃபிராங்கல்தான்.

அர்த்தம் கிடைக்கும் வழிகள் மூன்று என்பது அவர் கணக்கு. ஒன்றைச் செய்வது அல்லது படைப்பது. ஒன்றை அனுபவிப்பது, ஒருவரை நேசிப்பது. மாற்றவே முடியாத துன்பத்தின் முன் எப்படி நிற்பது என்று தீர்மானிப்பது. மூன்றாவதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தாங்கிக்கொண்டிருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

முதிய மருத்துவர் ஒருவர் அவரிடம் வந்தார். மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் துக்கம் ஆறவில்லை. ஃபிராங்கல் ஆறுதல் எதுவும் சொல்லாமல், முதலில் இறந்தது நீங்களாக இருந்தால் மனைவி என்ன ஆகியிருப்பார் என்று மட்டும் கேட்டார். தாங்கியிருக்கவே மாட்டாள் என்றார் முதியவர். அந்தத் துன்பம் அவருக்கு வராமல் போனது. அதற்கு விலை, நீங்கள் இருந்து துக்கப்படுவது என்றார் ஃபிராங்கல். முதியவர் பதில் பேசாமல் கைகுலுக்கிவிட்டுப் போனார். இழப்பு இழப்பாகவே இருந்தது. அதற்கு ஓர் இடம் கிடைத்தது.

அழகான கதைகள் அறிவியலுக்குப் போதாது. அர்த்த உணர்வை அளக்க 1964இல் 20 கேள்விகள் கொண்ட ஒரு சோதனை அமெரிக்காவில் உருவானது. 2006இல் மைக்கேல் ஸ்டெகர் குழுவினர் அமைத்த 10 வாக்கிய வினாத்தாள் இன்னும் நுட்பமானது. அர்த்தம் இருப்பதாக உணர்வதை 5 வாக்கியங்களும், அர்த்தத்தைத் தேடுவதை 5 வாக்கியங்களும் தனித்தனியே அளக்கின்றன. அமெரிக்காவில் தேடல் மிகுந்தவர்களிடம் அர்த்த உணர்வு சற்றுக் குறைவாகவே தென்பட்டது. ஜப்பானில் அப்படியில்லை, அங்கே இரண்டும் சேர்ந்தே உயர்ந்தன. தேடுவதைக் குறையின் அடையாளமாகப் பார்ப்பது மனித இயல்பைவிடப் பண்பாட்டைச் சார்ந்தது போலும்.

ஃபிராங்கலின் கருத்து இன்று நேரடியாகப் பயன்படும் இடம் புற்றுநோய் மருத்துவமனை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் வில்லியம் பிரைட்பார்ட் என்ற மனநல மருத்துவர், நோய் முற்றியவர்களுக்காக அர்த்தத்தை மையமாகக் கொண்ட ஒரு சிகிச்சையை வகுத்தார். தனியாக வருவோருக்கு 7 அமர்வுகள், குழுவாக வருவோருக்கு 8. பிறந்து வளர்ந்த வரலாறு, செய்த வேலை, நேசித்தவை, விட்டுச்செல்ல விரும்புவது என்று பேச்சு நகரும். வழக்கமான ஆதரவுக் குழுவுடன் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம் நம்பிக்கையின்மையும், சாவு சீக்கிரம் வரட்டும் என்ற எண்ணமும் அதிகம் குறைந்திருந்தன.