காவல் மரமும் கணக்கு ஏடும்

தமிழகத்தை விட்டு வடக்கே குடியேறிய நம்மவர் எவரும் முதல் ஆண்டின் மே மாதத்தை எளிதில் மறப்பதில்லை. 'லூ' என்னும் அனற்காற்று வீசுகின்ற நண்பகலில், பேருந்து நிறுத்தத்திலிருந்து குடியிருப்பு வரை நடக்கும் அந்தச் சிறு தொலைவில், சாலையோரத்து வேம்பு ஒன்று கிளை பரப்பி நிற்கக் கண்டால், ஊரிலிருந்து உறவினர் ஒருவர் எதிரே வந்ததைப் போன்ற ஆறுதல் உண்டாகும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பதைச் சிறு வயது முதலே கேட்டிருக்கிறோம். அதன் பொருளை நமக்கு முழுமையாகக் கற்பித்தது தில்லியின் வெயிலே எனலாம்.

அந்த நிழலை அளந்தும், மதிப்பிட்டும், காத்தும், சில வேளைகளில் எங்கள் கையாலேயே வெட்டியும் பிழைக்கின்ற தொழில் எங்களுடையது. மரங்களைப் பேணும் தொழிலில் உள்ள நாங்கள் நால்வர் ஓரிடத்தில் கூடினால் ஐந்து அபிப்பிராயங்கள் பிறக்கும். எங்கள் சச்சரவுகள் சிலவற்றை நேயர்கள் முன் வைப்பதே இப்பேச்சின் நோக்கம். ஏனெனில், அச்சச்சரவுகளின் முடிவைப் பொறுத்தே உங்கள் வாயிலில் நிற்கும் மரம் நிற்பதும் வீழ்வதும் அமைகிறது.

மரத்துக்குக் காவல் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. சங்க காலத்து மன்னர் ஒவ்வொருவருக்கும் காவல் மரம் ஒன்று இருந்தது. பகைவன் அதனை வெட்டி வீழ்த்தினால் நாடே தோற்றதாகக் கொள்ளப்பட்டது. ஆயினும் காவல் மட்டும் போதாது, நீதியும் வேண்டும் என்பதையும் அக்காலமே நமக்குச் சொல்லி வைத்திருக்கிறது. தன் காவல் மாமரத்திலிருந்து ஆற்றில் வீழ்ந்து மிதந்து வந்த கனி ஒன்றை உண்டதற்காக ஒரு பெண்ணைக் கொல்வித்த நன்னன், இன்றளவும் பெண்கொலை புரிந்தவன் என்றே பேசப்படுகிறான்.

இன்று மன்னர் இல்லை, சட்டம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975-ஆம் ஆண்டினது. கர்நாடகத்தினது 1976, தில்லியினது 1994. தில்லிச் சட்டத்தின்படி, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் விட்டமும், மொத்தத்தில் ஒரு மீட்டர் உயரமும் உள்ள மரச்செடி எதுவும் மரமே. அது உங்கள் சொந்த முற்றத்தில் நின்றாலும், மர அதிகாரியின் அனுமதியின்றி வெட்டலாகாது. "நான் வைத்த மரம், நான் வெட்டுகிறேன், இதில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்று கேட்கும் நம்மவர் பலரை நாங்கள் சந்தித்திருக்கிறோம். வைத்தவர் நீங்களாயினும், அதன் நிழலில் வண்டியை நிறுத்துகின்ற காய்கறிக்காரருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதே சட்டத்தின் கருத்து.

நிற்க. காப்பது என்று முடிவாயிற்று. காக்க இயலாதபோது ஈடு எவ்வளவு? எங்கள் தொழிலின் பெருஞ்சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

பழைய முறை மிக எளியது. மரத்தின் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, அடிமரத்தின் நீளத்தாலும் பெருக்க வேண்டும். இரண்டு மீட்டர் சுற்றளவும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள அடிமரம் முக்கால் கனமீட்டர் ஆகிறது. அதனைச் சந்தை விலையால் பெருக்கினால் மரத்தின் மதிப்பு வந்துவிடும். மரக்கடைக்கு இக்கணக்கு பொருத்தமானதே. ஆனால் உள்ளே பொந்து விழுந்த மரத்துக்கு இக்கணக்கில் இடமில்லை. 'விறகு' என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடலாம்.

அவ்வாறு எழுதியவர்களுள் நாங்களும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர், சாலை அகலப்படுத்தும் வேலை ஒன்றுக்காகப் புளிய மரம் ஒன்றை அளக்கச் சென்றோம். படிவத்தில் சுற்றளவுக்கு ஒரு கட்டம், நீளத்துக்கு ஒரு கட்டம், விலைக்கு ஒரு கட்டம் இருந்தன. அம்மரத்தடியில் தேநீர் விற்று வந்த முதியவர் எங்களுக்கும் தேநீர் கொடுத்தார்; அளவு நாடாவின் ஒரு முனையையும் தாமே பிடித்துக் கொண்டார். மரம் பொந்தாயிருந்தமையால் 'விறகு' என்று எழுதினோம். பிறகொரு கோடையில் அவ்வழியே சென்றபோது மரமும் இல்லை, அவரும் இல்லை. அவருக்கென்று எங்கள் படிவத்தில் கட்டம் எதுவும் இருக்கவில்லை.

இக்குறையை உணர்ந்தவர்கள் வேறு கணக்குகளை வகுத்தார்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் தாஸ் என்பவர், ஐம்பது ஆண்டு வாழும் மரம் பிராணவாயுவாலும், மண்வளத்தாலும், காற்றின் தூய்மையாலும் நமக்கு அளிக்கும் பயன் 15 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் பெறும் என 1979-ஆம் ஆண்டிலேயே மதிப்பிட்டார். அதன் பின்னர் வங்காளத்தில் ரயில் மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு அளித்த கணக்கு நாட்டையே வியக்க வைத்தது. மரம் ஒன்றின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய். அதில் பிராணவாயுவுக்கு மட்டும் 45,000. இயற்கை உரத்துக்கு 20,000. அதனை மரத்தின் வயதால் பெருக்க வேண்டும். ஐம்பது வயது மரத்துக்கு 37 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் ஆகிறது!

எங்களுள் ஒரு சாரார் இக்கணக்கைக் கொண்டாடினர். "இனிமேல் பொறியாளர் கோடரியை எடுக்குமுன் பேனாவை எடுப்பார்" என்றனர். மற்றொரு சாரார் ஒப்பவில்லை. மரத்துக்கு விலை குறித்துவிட்டால், அவ்விலையைக் கொடுக்கக் கூடியவர் வெட்டலாம் என்று ஆகிவிடாதா என்பது அவர்கள் கேள்வி. இரண்டிலும் உண்மை உண்டு. அதே வழக்கில், அந்த 356 மரங்களை வெட்டுவதற்கு 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. ரயில் வாயிற்கதவுகளில் காத்துக் கிடக்கும் மக்களின் துன்பமும் ஒரு கணக்கு அல்லவா? மறுபுறம், தாஜ்மகாலைச் சூழ்ந்த காப்பு வட்டாரத்தில் அனுமதியின்றி 454 மரங்களை வெட்டியவர் மரம் ஒன்றுக்கு ஒரு லட்ச ரூபாய் செலுத்த வேண்டும் என்று 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் கூறியது. 1994-இல் தில்லிச் சட்டம் இயற்றப்பட்டபோது அது விதித்த அபராதத்தின் உச்ச வரம்பு ஆயிரம் ரூபாய் என்பதை எண்ணிப் பார்த்தால், காலம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது விளங்கும்.

இனி, வயதால் பெருக்குவது என்கிறார்களே, வயதை எவ்வாறு அறிவது? மகாராஷ்டிரம் 2021-இல் தன் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது ஆண்டும் அதற்கு மேலும் வயதுடையவற்றைப் பாரம்பரிய மரங்கள் என்றது. வெட்டப்படும் மரத்தின் வயது எத்தனையோ, அத்தனை கன்றுகள் நடவேண்டும் என்றும் விதித்தது. கேட்பதற்கு மிக அழகிய விதி. ஆனால் குளிர் நாட்டு மரங்களில் ஆண்டுக்கு ஒன்றாகத் தெளிவாக விழும் வளையங்கள், வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் அவ்வாறு விழுவதில்லை. தேக்கில் எண்ணலாம், ஆலில் எண்ண இயலாது. எண்ண இயன்றாலும், அதற்காக மரத்தை அறுத்துப் பார்ப்பது எவ்வாறு? ஆகவே பருமனைக் கொண்டு ஊகிக்கிறோம். நீர் கிடைத்த மரம் விரைவில் பருக்கும். கற்காரைக்குள் சிறைப்பட்ட மரம் முதுமையிலும் மெலிந்தே நிற்கும். வெட்ட விரும்புபவரின் நிபுணர் நாற்பது என்பார். காக்க விரும்புபவரின் நிபுணர் அறுபது என்பார். இருவரும் பொய்யர் அல்லர். ஊர்ப் பெரியவர் ஒருவர், "நான் பள்ளிக்குப் போகும்போதே இது இவ்வளவு பெரிது" என்று சொல்லும் சாட்சியே பல சமயங்களில் எங்கள் கருவிகளை விடச் சிறந்ததாக அமைகிறது.

பருமனைக் கொண்டு மதிப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹௌராவின் தாவரவியல் தோட்டத்தில் உள்ள பேராலமரத்தை நம்மவர் பலர் கண்டிருப்பீர்கள். 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் அடிபட்டு, காளான் நோயால் அரிக்கப்பட்ட அதன் தாய்மரம் 1925-இல் அகற்றப்பட்டது. விழுதுகளின் மீதே அது இன்றும் ஒரு காடு போல் வாழ்கிறது. சென்னை அடையாற்றின் ஆலமரமும் 1989-இல் தாய்த்தண்டை இழந்து விழுதுகளால் நிற்பதே. அடிமரத்தை மட்டும் அளப்பவர் இவ்விரண்டுக்கும் என்ன விலை எழுதுவார்?

பெரிய வழக்குகள் இருக்கட்டும்; அன்றாடப் பிணக்குகளுக்கு வருவோம். தலைநகரில் ஊழியர் குடியிருப்பு ஒன்றில், மூன்று மாடிக் கட்டடத்தின் முன் நின்ற வேம்பைக் காண எங்களை அழைத்திருந்தார்கள். கீழ்வீட்டில் ஒரு தமிழ்ப் பாட்டி. "தம்பி, நாள் முழுவதும் சருகு பெருக்கியே என் இடுப்பு ஒடிந்துவிட்டது, வெளிச்சமும் இல்லை, வடகம் காயப்போட வெயிலும் இல்லை. நீங்களாவது இதற்கு ஒரு வழி செய்யுங்கள்" என்றார். மேல்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பமோ, ஒரு கிளையையும் தொடலாகாது, வெயிலில் வெந்துவிடுவோம் என்றது. அடிமரத்தில் ஒரு பொந்தும் இருந்தது.

எங்களுள்ளேயே இரு கட்சிகள் எழுந்தன. மூத்தவர், பொந்து விழுந்த மரம் குழந்தைகள் ஆடும் இடத்தில் நிற்கலாகாது, வெட்ட வேண்டும் என்றார். இளையவர், மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டி ஒலியைக் கேட்டு, நல்ல மரம் எவ்வளவு தடிமன் என்று அளந்து பார்ப்போம் என்றார். மூங்கில் உள்ளே வெற்றிடமாயிருந்தும் காற்றுக்கு நிற்கவில்லையா? ஆரத்தில் பத்தில் மூன்று பங்கு நல்ல மரம் சுற்றிலும் எஞ்சியிருந்தால், பொதுவாக உடனடி அச்சமில்லை என்பது எங்கள் தொழிலில் ஒரு வழக்கு. அவ்வேம்பின் ஆரம் 30 சென்டிமீட்டர். நல்ல மரம் எங்கும் 9 சென்டிமீட்டருக்குக் குறையவில்லை; பெரும்பகுதியில் 12 இருந்தது.

முன்னாட்களில் பொந்தைச் சிமெண்டால் அடைப்பார்கள். வெட்டுவாயில் தார் பூசுவார்கள். மூத்தவரும் அப்பயிற்சியில் வளர்ந்தவர். மரத்தின் புண் நம் தோலைப் போல் ஆறுவதில்லை. அழுகலைச் சுற்றி மரம் தானே மதில் எழுப்பி, அதனை உள்ளேயே அடைத்துவிடுகிறது. சிமெண்டு அம்மதிலுக்குத் துணை செய்வதில்லை. ஈரத்தைத் தேக்கிக் கேடே செய்யும். இதை ஏற்பதற்கு மூத்தவருக்கு இரண்டு நாட்கள் ஆயின. ஏற்றபின் ஏணியில் முதலில் ஏறியவரும் அவரே.

உரிய அனுமதி பெற்று, காய்ந்த கிளைகளையும் வீட்டை ஒட்டிய சிலவற்றையும் மட்டும் எடுத்தோம். கிளையை வெட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. பட்டை உரியாதிருக்க முதலில் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு; சற்று அப்பால் மேலிருந்து இரண்டாவது; பின்னர், கிளை தண்டோடு சேருமிடத்துப் புடைப்பை விட்டு, அதற்கு வெளியே மூன்றாவது. அப்புடைப்பையும் சேர்த்து வழித்துவிடுவது, மதில் கட்டும் கொத்தனையே துரத்துவது போலாகும். உச்சியை மொட்டையடிப்பதோ அதனினும் கொடிது. பின்னர் தழைக்கும் கிளைகள் பற்றின்றி ஒட்டிக்கொண்டு, அடுத்த புயலில் ஒடிந்து விழும்.

அந்த வேம்பின் மெய்யான நோய் மேலே இல்லை, கீழே இருந்தது. கழுத்து வரை கற்காரை பூசியிருந்தார்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கற்காரையை நீக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லிக்குக் கட்டளையிட்டிருந்தது. அதை உடைத்து மண்ணைக் காட்டினோம். நீரை உறிஞ்சும் வேர்களிற் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே, கிளைகளின் எல்லையையும் கடந்து பரவியிருப்பவை. அவற்றுக்கு மூச்சு வந்தது.

மூன்று கோடைகள் கழிந்தும் அவ்வேம்பு நிற்கிறது. மேல்வீட்டார் மகிழ்கிறார்கள். பாட்டிக்குக் காலை வெயில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது, வடகம் காய்கிறது. சருகு பெருக்கும் குறை மட்டும் தீரவில்லை. எங்களைக் காணும்போதெல்லாம் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. நிழலை அனைவரும் பெற, சருகை ஒருவரே பெருக்குவது நீதியன்று. அக்குடியிருப்பில் இப்போது முறை வைத்துப் பெருக்குகிறார்கள்.

நேயர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது சிறிதே. உங்கள் தெருவின் மரங்களை அறிந்து வையுங்கள். வடக்கே ஜாமுன் என்பது நம் நாவல். அர்ஜுன் என்பது மருது. அமல்தாஸ் என்பது சரக்கொன்றை. மழைக்கு முன்னரே காய்ந்த கிளைகளைப் பற்றி மர அதிகாரிக்கு எழுதுங்கள். வேரடியில் கற்காரை பூச வருபவரைத் தடுத்துக் கேளுங்கள். ஆணி அடிப்பவரைக் கண்டால் வாளாவிருக்க வேண்டாம். மதிப்பிட எவரேனும் நாடாவுடன் வந்தால், அம்மரத்தடியில் பிழைப்பவர் யார் என்பதையும் சொல்லி எழுத வையுங்கள்.

நாங்களும் இப்போது எங்கள் படிவத்தின் அடியில், அச்சிட்ட கட்டங்களுக்கு வெளியே, கையால் ஒரு வரி எழுதுகிறோம்: நிழலில் இருப்போர் எத்தனை பேர், என்ன தொழில் செய்கிறார்கள் என்பதே அது. அவ்வரிக்கு எந்த அலுவலகமும் இதுவரை விலை போட்டதில்லை. ஆயினும் அதைப் படித்துவிட்டு, மரத்தைப் பார்ப்பதற்காக நாற்காலியை விட்டு எழுந்து வந்த அதிகாரிகள் உண்டு.