மணிக்கட்டில் ஒரு துளி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

குறுந்தொகையின் இரண்டாவது பாடலை வகுப்பிலே படிப்பிக்கும் போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழும். இறையனார் பாடியதாகக் கொள்ளப்படும் அச்சிறு பாடலில், தலைவன் ஒரு தும்பியை அழைத்து, நீ அறிந்த பூக்களில் இவளுடைய கூந்தலைவிட மணமுள்ளதும் உண்டோ என்று கேட்கிறான். அந்தப் பாடலைப் பற்றிக்கொண்டு வளர்ந்ததே தருமியின் கதை. கூந்தலுக்கு இயற்கையிலே மணம் கிடையாது, பூவும் பிற வாசனைப் பொருள்களும் சேர்வதால் வருவதே அந்த மணம் என்று நக்கீரர் இறைவனோடு வாதாடியதைத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. கதை முடிந்ததும் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "சேர், யார் சொன்னது சரி?" என்று கேட்கும்.

"நீங்களே யோசித்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று ஆசிரியருக்குரிய தந்திரத்தோடு பல ஆண்டுகள் தப்பித்திருக்கிறேன். ஆனால் எனக்கென்று ஒரு விடை உண்டு. அது நூலிலே படித்ததன்று. அட்டன் நகரத்து அத்தர்க் கடையொன்றிலே எனக்குக் கிடைக்கத் தொடங்கிய விடை. இன்று அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலே சித்தியடைந்து நகரப் பாடசாலை ஒன்றிலே சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே பக்கத்தில் இருந்த மாணவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு வாங்கின் மறு நுனிக்கு நகர்ந்தான். "லயத்துப் புகை நாறுது" என்றான். நான் என் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் தெரிகின்ற ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லையே என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பஸ்ஸுக்குக் கொடுத்த சில்லறையில் மிச்சம் பிடித்து, சில மாதங்களின் பின் அந்த அத்தர்க் கடைக்குப் போனேன். கடை என்பது ஒரு கண்ணாடிப் பெட்டியும் அதன் பின்னால் ஒரு முக்காலியுமே. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிறவர்கள் அங்கே நின்று ஒரு துளி பூசிக்கொண்டு போவார்கள். கடைக்கார நானா ஒரு சின்னஞ்சிறு போத்தலைத் திறந்து, கண்ணாடிக் குச்சியால் என் மணிக்கட்டில் ஒரு துளி வைத்தார். நான் உடனே மூக்கருகே கொண்டுபோனேன்.

"இப்ப மோந்து பார்க்காதீங்க மகன்" என்று தடுத்தார். "தேய்க்கவும் வாணாம். பஸ் ஏறி வீட்டுக்குப் போங்க. உம்மா தேத்தண்ணி தரக்குள்ள மோந்து பாருங்க. அப்பவும் புடிச்சிருந்தா நாளைக்கு வந்து சல்லியக் குடுத்து எடுத்துக்கங்க."

வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்புகிற வியாபாரியை அன்றுதான் கண்டேன். பஸ்ஸிலே பொறுக்க முடியாமல் முகர்ந்தும் பார்த்தேன். அட்டனை விட்டுப் புறப்படும்போது தோடம்பழத் தோலைக் கிள்ளியதுபோல் சுள்ளென்று மூக்கில் ஏறியது. டிக்கோயாவைத் தாண்டும்போது அந்தக் காரம் அடங்கி ரோஜாவாகிவிட்டது. நோர்வூட்டிலும் ரோஜாதான், ஆனால் கொஞ்சம் தேன் கலந்த ரோஜா. லயத்து இஸ்தோப்பிலே அம்மா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபோது ரோஜா போய்விட்டிருந்தது. தோலோடு ஒட்டிக்கொண்டு சந்தனம் மட்டும் இருந்தது. ஒரே துளிதான். மூன்று பேர் வந்து போனதுபோல் இருந்தது எனக்கு.

இதற்கான காரணத்தைப் பிற்காலத்திலே படித்து அறிந்தேன். அத்தர் என்பது மணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகரம் இதற்குப் பேர்போனது. அங்கே பூக்களைத் தண்ணீரோடு செப்புப் பானையிலிட்டு, வாயைக் களிமண்ணால் மூடி, அடியிலே தீ மூட்டுவார்கள். ஆவி மூங்கிற் குழாய் வழியாக இன்னொரு செப்புக் கலத்துக்கு இறங்கும். மரபுப்படி அந்தக் கலத்திலே சந்தனத் தைலம் காத்திருக்கும். வந்து சேர்கின்ற பூமணத்தை அது உள்வாங்கிக்கொள்ளும். பூவை மாற்றி மாற்றிப் பல நாட்கள் இதைச் செய்வார்கள். கோடையிலே காய்ந்த மண்ணைச் சுட்டு, அதிலிருந்தும் அத்தர் இறக்குவார்கள். அதன் வாசம் முதல் மழையின் வாசம். இன்று சந்தனத்தின் விலை ஏறிவிட்டபடியால் மலிவான போத்தல்களில் வேறு எண்ணெய்களும் செயற்கை மணப்பொருள்களுமே பெரும்பாலும் இருக்கின்றன. எனினும் எண்ணெய் எதுவானாலும், தோலிலே அது நடந்துகொள்ளும் முறை ஒன்றுதான்.

ஒரு துளிக்குள் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. இலேசானவை முதலில் ஆவியாகிப் பறக்கும். எலுமிச்சை, தோடை போன்றவற்றின் மணப்பொருள்கள் அத்தகையவை; சில நிமிடங்களே அவற்றின் ஆயுள். அடுத்து எழுபவை பூமணங்கள். அவை சில மணித்தியாலங்கள் நிற்கும். சந்தனம், வெட்டிவேர், அகில் ஆகியவற்றின் மணப்பொருள்கள் பாரமானவை. மெதுவாகவே எழும்பும் அவை மறுநாட் காலையிலும் தோலில் இருக்கும். மதுசாரத்திலே கரைத்த சென்ற் வகைகள் பூசியவுடன் அறை முழுதும் வீசும். மதுசாரம் இல்லாத அத்தர் அப்படி வீசாது. தோலோடு ஒட்டிக் கிடந்து, கிட்ட வருகிறவருக்கு மட்டும் தன்னைக் காட்டும்.

இதிலே நம்முடைய தோலுக்கும் பங்குண்டு. உடலின் மேற்றோல் ஏறக்குறைய 32, 33 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. அந்தச் சூடுதான் எண்ணெயை எழுப்புகின்ற அடுப்பு. எண்ணெய்ப் பசையுள்ள தோல் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும். வறண்ட தோலிலே அது விரைவில் போய்விடும். தேய்த்தால் எண்ணெய் பரந்து, சூடேறி, முதல் மணங்கள் இன்னும் விரைவாய்ப் பறந்துவிடும். ஆண்டின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 பாகையாக இருக்கின்ற நுவரெலியாவிலே, கொழும்பைவிட எல்லாம் மெதுவாகவே நடக்கும். ஆளுக்காள் வியர்வையும் வேறு. அதிலே வாழும் நுண்ணுயிர்களும் வேறு. ஆகவே ஒரே போத்தல் அத்தர் இருவர் கையில் ஒரே மாதிரி மணப்பதில்லை.

மூக்குக்கும் ஒரு குணம் உண்டு. ஒரே மணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களில் அது நம் கவனத்திலிருந்து மறைந்துவிடும். தன்னிடமிருந்து வரும் மணத்தை மற்றவர் அறிய, தான் அறியாமற் போவது இதனால்தான். லயத்து விறகுப் புகை எனக்கு மணக்காததன் காரணம் அதுவே. என் மூக்கிலே குறையில்லை. நான் வீட்டை விட்டு வேண்டிய தூரம் இன்னும் போயிருக்கவில்லை.

மறுநாள் போத்தலை வாங்கினேன். அதைக்கொண்டு நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றி வந்தேன்.

ஒன்பதாம் ஆண்டிலே எனக்குத் தமிழ்ப் பாடத்துக்குப் பரிசு கிடைத்தது. பரிசளிப்பு விழாவுக்குப் பெற்றோரும் வரவேண்டும். முதல் நாள் இரவு அம்மாவிடம் போத்தலைக் கொடுத்து, "வரும்போது இதைப் போட்டுக்கிட்டு வாங்கம்மா" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொன்னார்.

அரைநேரத்தோடு மலையிலிருந்து இறங்கி, பீலியிலே குளித்து, சவர்க்காரத்தால் கைகளைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவி வந்திருக்கிறார். கொழுந்துக் கறை அப்படியெல்லாம் போவதில்லை. விரல் வெடிப்புகளிலே கறுப்பாகத் தங்கியிருந்தது. ஒரு துளி போதும் என்று நான் சொல்லியிருக்கவில்லை. பாதிப் போத்தலைப் பூசியிருந்தார். மண்டபத்திலே அவர் நுழைந்தபோது பின்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் திரும்பவில்லை. அம்மாவும் என்னைத் தேடி வரவில்லை. கடைசி வரிசையிலே, சுவரோரமாக, கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு இருந்தார்.

இரவு பஸ்ஸிலே திரும்பினோம். நோர்வூட்டுக்கு முன்பே அம்மா அசந்து என் தோளிலே சாய்ந்துவிட்டார். மண்டபத்திலே என்னைக் கூச வைத்த அந்தக் காரம் அப்போது இல்லை. ரோஜாவும் இல்லை. மெல்லிய சந்தனம் இருந்தது. அந்தச் சந்தனத்துக்கு அடியிலே இன்னொன்று இருந்தது. கிள்ளிய இலையின் பச்சை வாசம், ஈரக் கம்பளி, விறகுப் புகை. காலை முதல் நகரத்துக் காற்றிலே இருந்துவிட்டு வந்த என் மூக்கு முதன்முதலாக எங்கள் வீட்டை முகர்ந்தது. அதிலே நாற்றம் எதுவும் இருக்கவில்லை. சந்தனமும் புகையும் கொழுந்தும் ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே மணமாகிக் கிடந்தன. அந்த அத்தரை என் கையிலே எத்தனையோ தடவை பூசியிருக்கிறேன். அப்படி ஒரு நாளும் மணந்ததில்லை.

எதை மறைக்கச் சொல்லிக் கொடுத்தேனோ, அதை எனக்குக் காட்டித்தந்துவிட்டுப் போனது அந்த எண்ணெய். மண்டபத்திலே அம்மாவின் பக்கத்தில் போய் நிற்காதது அந்த இரவிலேதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பரிகாரமாக நான் எதுவும் செய்துவிடவில்லை. அம்மா எழுந்துவிடக் கூடாது என்று தோளை அசைக்காமல் இருந்தேன். அவ்வளவுதான்.

தேயிலையைப் பற்றிப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ரோஜாத் தைலத்தின் முக்கிய மணப்பொருள்களில் ஒன்று ஜெரானியோல் என்பது. அதே பொருள் தேயிலைக் கொழுந்திலும் உண்டு. ஆனால் பச்சைக் கொழுந்திலே அதன் பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்து, மணம் காட்டாமல் அடங்கிக் கிடக்கிறது. ஸ்டோரிலே கொழுந்தை வாட்டி, ரோதையிலே அரைக்கும்போது, இலையிலுள்ள நொதியம் அந்தப் பிணைப்பை அறுத்து விடுகிறது. அதன் பிறகுதான் மணம் வெளிப்படுகிறது. அத்தரிலே ரோஜா மணத்தை விலை கொடுத்து வாங்கி அம்மாவின் கையிலே பூசச் சொன்னேன். அதே மணத்தின் ஒரு கூறு பூட்டிக் கிடந்த கொழுந்தை அவர் நாள் முழுதும் கூடை கூடையாகச் சுமந்துகொண்டிருந்தார்.

நமது பழைய இலக்கியம் மணத்தின் இந்த நிதானத்தை அறிந்தேயிருந்தது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலே மாதவி நீராடுகின்ற நீர், பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீர். அதன்பின் கூந்தலை வாசப் புகையிலே உலர்த்துகிறாள். ஊறுவதற்கும் உலர்வதற்கும் பொழுது வேண்டும். இளங்கோ அந்தப் பொழுதை அவசரப்படுத்தவில்லை. ஒரு செய்யுளை முதல் வாசிப்பிலேயே நல்லது கெட்டது என்று தீர்த்துவிட அவசரப்படும் என் மாணவர்களுக்கும், அவர்களுக்கு முன் எனக்கும், அத்தர்க் கடை நானாவின் வார்த்தையையே சொல்லிக்கொள்கிறேன். வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடிக்கும்போது பாருங்கள்.

இனி, பின்வாங்குப் பிள்ளையின் கேள்வி. நக்கீரர் சொன்னதும் சரி. பூசியவுடன் எழுவது வெளியிலிருந்து வந்த மணந்தான். தும்பியிடம் கேட்ட தலைவனும் சரி. பூவின் மணம் போன பிறகு அவளருகே இருந்தவன் அவன். தோலிலே தங்குவது பூவுக்கும் முழுச் சொந்தமில்லை, ஆளுக்கும் முழுச் சொந்தமில்லை. இரண்டும் சேர்ந்து, சில மணித்தியாலங்கள் கழிந்த பிறகு பிறக்கிறது. அதுவரை கூட இருக்கிறவருக்குத்தான் அது தெரியும்.

அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளாகின்றன. இப்போது என்னோடுதான் இருக்கிறார். சென்ற தைப்பொங்கலன்று சந்தனம் எடுத்துக் கொடுத்தவரின் கையைப் பிடித்து முகர்ந்துவிட்டு, "என்னம்மா, கையில கொழுந்து வாசமே இல்லையே" என்றேன்.

அவர் கையைத் தன் மூக்கருகே கொண்டுபோனார். "அன்னைக்கு ஒன் பள்ளிக்கூடத்துக்கு வர்றப்ப எவ்வளவு தேச்சுக் கழுவினேன், போவல" என்றார். "இப்ப கழுவாமலே போயிருச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.