ஆர்ல் நகரத்து அரங்கு

தென் பிரான்சின் ஆர்ல் நகரிலே கி.பி. 90ஆம் ஆண்டளவில் உரோமர் நீள்வட்டக் கல்லரங்கொன்றை எழுப்பினர். மனிதனை மனிதன் வெட்டி வீழ்த்துவதை 20,000 பேர் அமர்ந்து பார்க்கலாம்.

பேரரசு சரிந்தபின் அச்சமுற்ற மக்கள் அதனையே அரணாக்கிக் குடிபுகுந்தனர். காவற்கோபுரங்கள் எழுந்தன, 200க்கும் மேற்பட்ட வீடுகளும் இரு சிற்றாலயங்களும் உள்ளே அமைந்தன. கொலைக்களம் ஊராயிற்று.

புராதனச் சின்னத்தை மீட்பதற்காக, 1825 முதல் அவ்வீடுகள் அகற்றப்பட்டன. 1981இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் சீட்டு வாங்கி உள்ளே செல்கின்றனர்.

அரங்கு காக்கப்பட்டது நன்றே. ஆயினும், கொன்ற காலத்தைக் காப்பதற்காக வாழ்ந்த காலத்தை அழித்தார்களே என்றுதான் என் மனம் வருந்துகிறது. எஞ்சி நிற்கும் மூன்று கோபுரங்களே அக்குடிகளுக்குச் சாட்சி. அரங்கைப் பார்ப்பவர்கள் அவற்றையும் சற்றே நிமிர்ந்து பார்க்கட்டும்.